சார்ஜருக்கு மாலை போட்ட வருஷம்

சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்து அடங்கிய நேரத்தில், கறிவேப்பிலை வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை வந்தது. சந்தனம். ஆயுத பூசையன்று சந்தனம் மணப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இது குழைத்த சந்தனத்தின் குளிர்ந்த வாசனை இல்லை. சந்தனத்தை வாணலியில் போட்டு வறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கூடவே வார்னிஷ் காய்கிற மாதிரி ஒரு நெடி.

கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வராந்தாவுக்கு ஓடினேன். எங்கள் சார்ஜர் பெட்டி அங்கே செங்கல் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிளக்கைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

அப்படியானால் வாசனை பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது. பக்கத்து வீடு பொன்னம்மாள் அக்கா வீடு. முந்தின நாள்தான் அவரும் நானும் இதே சார்ஜர் விஷயமாக வாக்குவாதம் செய்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்திருந்தோம்.

இது ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். வீடுகள் எல்லாம் ஒரே வரிசை; லயன் என்போம். பலகைச் சுவர், ஒரே நீளக் கூரை. ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் கடைசி வீட்டையும் தின்றுவிட்டுத்தான் அடங்கும்.

அந்த வீட்டுக்குள் ஓடுவதற்கு முன்னால், இந்தப் பெட்டி எங்கள் லயனுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பொத்தானைத் தட்டினால் பாட்டு வருகிற காலத்தில் பிறந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

நாற்காலி வாங்கப் போனவர்

சீமைக்குத் திரும்புகிற துரைமார்கள் தங்கள் வீட்டுச் சாமான்களை லேலோங்கில் விட்டுவிட்டுப் போவார்கள். ஏலத்துக்கு எங்கள் ஊரில் லேலோங் என்றுதான் பெயர். கட்டில், கண்ணாடி, நாய்க்கூண்டு எல்லாம் போகும்.

என் வீட்டுக்காரர் செந்தூல் ரயில் பட்டறையில் மின்சாரப் பக்கத்து ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வாங்கப் போகிறேன் என்று லேலோங்குக்குப் போனவர், ரிக்ஷாவில் ஒரு ரேடியோவையும் ஓர் இரும்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்காலி வரவில்லை. அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அந்த ரேடியோ பேட்டரியில் ஓடுவது. கார் பேட்டரி மாதிரி கனமான ஈய பேட்டரி, உள்ளே திராவகம். பேட்டரி தீர்ந்தால் அந்த இரும்புப் பெட்டியோடு இணைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி பல்பு. வீட்டுக் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற கரண்டாக மாற்றுவது அதன் வேலை. ஓடும்போது ஊதா நிறத்தில் மினுங்கும். நன்றாகச் சூடேறும். பெட்டியின் பக்கங்களிலும் மேலேயும் வரிசையாகத் துளைகள் இருந்தன.

"இது எதுக்கு, அழகுக்கா?" என்று கேட்டேன்.

"இந்தத் துளை வழியாத்தான் அது மூச்சு விடுது," என்றார் அவர். "கீழ காத்து உள்ள போவும், சூடு மேல வெளிய வரும். அடைச்சோம்னா பெட்டி செத்துப் போயிடும். போறப்ப நம்மளையும் கூட்டிட்டுப் போயிடும்."

முதல் முறை பாட்டு வந்தபோது நாற்காலியை மறந்துவிட்டேன். கடல் கடந்து வருகிற தமிழ்ப் பாட்டு, மழை இரைச்சலுக்கு நடுவே வருகிற மாதிரி வந்தது. லயன் முழுக்க எங்கள் வாசலில் கூடிவிட்டது. கொஞ்ச நாளிலேயே இன்னும் சில வீட்டு ஆண்களும் லேலோங்குக்குப் போய் இதே மாதிரி சாமான்களோடு திரும்பினார்கள்.

கரண்டு வராத இடங்களில் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கும் செய்தி போயிற்று. கிள்ளான் ரயிலில் பிரம்புக் கூடைக்குள் பேட்டரியை வைத்து, மடியில் குழந்தையை வைத்திருப்பது போலப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திராவகம் சிந்தி வேட்டியில் ஓட்டை விழுந்தவர்களைப் பார்த்தாலே, இவர் நம் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று கண்டுகொள்வேன். என் வீட்டுக்காரர் பகல் முழுக்கப் பட்டறையில் இருப்பார். அதனால் சார்ஜ் போடுகிற வேலை என்னுடையதாயிற்று. எல்லாரும் என்னைப் 'பேட்டரி அக்கா' என்றார்கள்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் அப்போது குழந்தை இல்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போனால், "என்ன தனம், விசேஷம் ஏதும் இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் கூட்டம் கலைந்த பிறகு குடத்தைத் தூக்குவேன். பேட்டரி அக்கா ஆன பிறகு கேள்வி மாறிவிட்டது. "என் பேட்டரி ஆயிடுச்சா லா?" என்றுதான் கேட்டார்கள். தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். அந்தப் பெட்டி எனக்கு அவ்வளவு பெரிய காரியம் செய்திருந்தது.

ரோசம்மாவின் மெழுகு

பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாள் முழுக்க அடுப்படியில் வேகிற கைக்கு எது சூடு, எது அதிகச் சூடு?

வழி காட்டியது ஒரு மெழுகுவர்த்தி. எங்களுக்கு மறுபக்கத்து வீட்டில் ரோசம்மா இருந்தாள். கத்தோலிக்கக் குடும்பம். அவள் புருஷன் ரயிலில் கார்டு. ஒரு நாள் கரண்டு போய், மெழுகுவர்த்தியோடு வந்தவள் என்னோடு பேசிக்கொண்டே நின்றாள். ஒரு சொட்டு பெட்டியின் மேல் விழுந்து வெள்ளையாக உறைந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் பார்த்தால் அந்தச் சொட்டு கண்ணாடி மாதிரி ஆகி வழிந்துகொண்டிருந்தது. அன்று வராந்தாவைக் கழுவுவதற்காகப் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, புதிதாக ஒரு சொட்டு விட்டேன். சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை அலமாரிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், மெழுகு உருகியது. நான்கு மூலைக்கும் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தேன், உருகவில்லை. துளையில் படிந்த தூசியைக் கோழி இறகால் தட்டினால் ஒரு மாதிரி, தட்டாவிட்டால் ஒரு மாதிரி. உச்சி வெயில் நேரத்தில் ஓய்வு கொடுத்து, விடிந்ததும் போட்டால் பெட்டிக்கு நல்லது என்று கண்டுபிடித்தேன். மெழுகு உருகினால் நிறுத்து, உருகாவிட்டால் ஓடவிடு. இதுதான் என் சட்டம்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, "இது எங்க பட்டறையில யாருக்கும் தோணல," என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அதனால் அந்த வாக்கியத்தை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரோசம்மா தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய துண்டு மெழுகுகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுப்பாள். "சாமிக்கு எரிஞ்சது, இப்ப உன் பெட்டிக்கு," என்று கிண்டல் செய்வாள்.

துளைக்கொரு பொட்டு

இனி ஆயுத பூசைக்கு வருகிறேன்.

ரயில்வேக்காரர்களுக்கு ஆயுத பூசைதான் பெரிய பண்டிகை. சுத்தியல், ஸ்பேனர், விளக்கு, விசில், கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்துப் படைப்போம். அன்றைக்கு அவற்றுக்கு வேலை கொடுக்கக்கூடாது. அந்த வருஷம் சார்ஜர் வைத்திருந்த வீடுகளில் சார்ஜரும் படையலில் சேர்ந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே என் பெட்டியில் துளை இல்லாத ஒரு மூலையில் ஒரு பொட்டு வைத்தேன்.

முந்தின நாள் பொன்னம்மாள் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவர் கூறைப் புடவை மாதிரி ஒரு சிவப்புப் பட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குக்கா?"

"சார்ஜருக்குத்தான். போத்தி, மாலை போட்டு வைக்கப் போறேன்."

"துணி போத்தாதீங்கக்கா. தெரியாம பிளக்கப் போட்டுட்டா அபாயம். துளைய மூடவே கூடாது."

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "வருஷம் பூரா நமக்கு உழைக்குது. ஒரு நாள் பட்டு போத்துனா என்ன கொறஞ்சிடும்? நீ பேட்டரி விஷயம் தெரிஞ்சவதான். சாமி விஷயம் எனக்குத் தெரியும், தனம்."

"சாமி விஷயம் பேசலக்கா. சூட்டப் பத்திப் பேசறேன்."

"நல்ல நாளுக்கு முன்னால நெருப்பு கிருப்புன்னு வாயால சொல்லாத. போய்ட்டு வா."

வெடுக்கென்று திரும்பி வந்துவிட்டேன். எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

மறுநாள் அங்கே நடந்தது இதுதான். சாயங்காலம் பஜனைக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பஜனை முடிந்ததும் ரேடியோ வைக்கலாம் என்று அக்காவின் புருஷன் முத்தையா அண்ணனுக்கு ஆசை. பேட்டரியோ தீர்ந்திருந்தது. அதனால் படையலில் இருந்த பெட்டிக்கே பிளக்கைப் போட்டு, பேட்டரியையும் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டார். ஆயுதத்துக்கு அன்று வேலை கொடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சுத்தியல் என்றால் அடிக்கும், கத்தரிக்கோல் என்றால் வெட்டும். சார்ஜர் வைத்த இடத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. அது வேலை செய்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அக்கா முதலிலேயே ஒவ்வொரு துளைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தார். வரிசையாகத் துளை இருந்தால் பொட்டு வைக்கத்தான் கை போகும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும். அதற்கு மேல் பட்டு. அதற்கும் மேல் மல்லிகை மாலை.

நான் உள்ளே நுழைந்தபோது மாலை வெந்த கீரையாகச் சுருண்டிருந்தது. பட்டின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் சுடர் பிடித்தது. பின்னால் பலகைச் சுவர். கூடியிருந்த பெண்கள் அலறி எழுந்தார்கள். முத்தையா அண்ணன் குடத்துத் தண்ணீரைத் தூக்கிவிட்டார்.

"ஊத்தாதீங்கண்ணே, கரண்டு இருக்கு," என்று கத்தினேன்.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். துணி காயப்போடுகிற மூங்கில் கழியை எடுத்து வயரை இழுத்து பிளக்கைப் பிடுங்கினேன். பட்டுத் துணியையும் மாலையையும் அதே கழியால் தரையில் தள்ளினேன். என் பின்னாலேயே ஓடிவந்த ரோசம்மா நனைந்த சாக்கை அதன் மேல் போட்டு மிதித்தாள். சுவரில் பிடித்திருந்த நெருப்பையும் சாக்கால் அடித்து அணைத்தோம்.

அதோடு முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பேட்டரி. அதற்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் ஏறுகிற பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது. நெருப்புப் பட்டால் வெடிக்கும்.

"விளக்கக் குளிர வையுங்கக்கா," என்றேன்.

பொன்னம்மாள் அக்கா அசையவில்லை. பூசை நடுவில் விளக்கை அணைப்பதா? நான் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துச் சுடர்களை ஒவ்வொன்றாக அமர்த்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டேன். அந்த வீட்டு விளக்கை அணைத்தவள் என்ற பெயர் எனக்கு வந்துவிடும் என்று அப்போதே தெரிந்தது. வந்தது. அக்கா அன்று முதல் என்னோடு பேசவில்லை.

கிராணி ஐயாவின் கோட்டு

கூரை வரை கறுத்த சுவரை எதைக் கொண்டு மறைப்பது? பண்டிகை முடிந்து, குவார்ட்டர்ஸை மேற்பார்க்கிற குமாஸ்தா, கிராணி ஐயா, சுற்றிப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர். ஆனால் கறுத்த சுவரைப் பார்த்ததும் அவர் முகமும் கறுத்துவிட்டது.

"வாற சனிக்கிழமைக்குள்ளை ஒரு வீட்டிலையும் இந்தப் பெட்டி இருக்கப்படாது," என்றார். "சுவரிலை இருக்கிற பிளக் ஓட்டை எல்லாத்தையும் அடைக்கச் சொல்லப்போறன். இத்தனை குடும்பமும் எரிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பெட்டி போனால் நான் திரும்பவும் கூட்டம் கலைந்த பிறகு குழாயடிக்குப் போகிற தனமாகிவிடுவேன். அதை நினைத்ததும் எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஐயா, முடிவு எடுக்கறதுக்கு முன்னால எங்க பெட்டியையும் ஒரு தரம் பாருங்க. காலையிலேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கு."

வந்தார். பின்வராந்தாவில் செங்கல் மேல் பெட்டி ஊதாவாக மினுங்கிக்கொண்டிருந்தது. மேலே மெழுகுச் சொட்டு வெள்ளையாக இருந்தது. ஒவ்வொன்றாக விளக்கினேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காப்பியை வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டார். லயன் பெண்கள் பின்பக்கத்து வாய்க்கால் ஓரமாகக் கூடிவிட்டார்கள்.

"வெறும் பெட்டி சூடாகேல்லை, விளங்குது," என்றார். "ஆனால் அங்கை எரிஞ்சது துணியாலையோ, பெட்டியிலை ஏதும் பழுதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிட்டு எழுந்தார். தம் கறுப்புக் கோட்டைக் கழற்றினார். மெழுகு தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு, பெட்டியின் மேல் போர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"பாப்பம்."

நான் சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன். இரண்டாவது காப்பி முடிவதற்குள் மெழுகின் ஓரம் பளபளத்தது. பிறகு முழுச் சொட்டும் தெளிந்து, வழிந்து, கோட்டின் கழுத்துப்பட்டைக்கு அடியில் ஓடிவிட்டது. சுவிட்சை அணைத்தேன். ஐயா கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பெட்டியிலை பிழையில்லை," என்றார். "ஆனால் பிள்ளை, அடுத்த வருஷமும் பூசை வரும். சனங்கள் துணி போர்த்தமாட்டினம் எண்டதுக்கு ஆர் பொறுப்பு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். ஆட்களுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும்?

"என் வீட்டுக்கு நான் பொறுப்புங்க ஐயா," என்றேன். "மத்த வீட்டப் பத்தி நான் சொல்ல முடியாது."

அவர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். போய்விடப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான் பொறுப்பு."

வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்த குரல். பொன்னம்மாள் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கிராணி ஐயாவை மட்டும் பார்த்துப் பேசினார்.

"துணி போத்துனது நான். துளைய அடைச்சது நான். இவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கல. இனிமே இந்த லயன்ல எந்தப் பெட்டி மேல துணி கெடந்தாலும் என்னைக் கேளுங்க ஐயா."

ஐயா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. பெட்டி இருக்கட்டும். ஆனால் எந்த வீட்டுப் பெட்டியும் இந்தப் பிள்ளை பாத்து, வைக்கலாம் எண்டு சொன்ன இடத்திலைதான் இருக்கவேணும்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் செந்தூலிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே போய்விட்டார். எங்கே போனார் என்று பார்த்தால், வீடு வீடாக நின்று, என்னவோ தாமே கண்டுபிடித்த மாதிரி மெழுகுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மட்டும், "எல்லாம் நம்ம வீட்டம்மா வேலைதான்," என்று சேர்த்துக்கொண்டாராம். ரோசம்மா வந்து சொன்னாள். பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைக்க எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மறுவருஷம்

மறுவருஷ ஆயுத பூசைக்கு லயனில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் விடிவதற்கு முன்பே பிளக் கழற்றப்பட்டது. பொட்டுப் பிரச்சினைக்கும் பொன்னம்மாள் அக்காவே வழி கண்டுபிடித்திருந்தார். பொட்டு பெட்டிக்கு இல்லை, அதைத் தாங்குகிற செங்கலுக்கு. "செங்கல்லும் வருஷம் பூரா சொமக்குதுல்ல?" என்று கேட்டார்.

அக்காவும் நானும் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தோம். உப்பு இருக்கிறதா, மழை வருமா என்கிற அளவுக்குத்தான். அந்த விளக்கைப் பற்றியோ நெருப்பைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் எடுக்கவில்லை.

பூசைக்கு முன்னால் அவர் வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரோசம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்குக் காஜாங்கிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தப் பெண் பெட்டியின் மேல் ஒரு பூத்துணி விரித்திருந்தாள் போலிருக்கிறது. அக்காவின் குரல் பின்வராந்தாவில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாரக் கேட்டு இதப் போட்ட? எடு. தனம் பாத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"பிளக் போடலையேக்கா. அழகுக்குத்தானே போட்டேன்."

"நானும் அழகுக்குத்தான் போட்டேன். இன்னைக்கு எங்க வீடு நிக்குதுன்னா, எங்க வீட்டுல ஆளுங்க உயிரோட இருக்காங்கன்னா, அது அவளாலதான். நல்ல நாளும் அதுவுமா எங்க வீட்டு விளக்க அவதான் அணைச்சா. அணைக்கலன்னா இந்த லயனே இல்ல. எடு துணிய."

என் முகத்துக்கு நேரே அக்கா இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம். நான் கேட்டுவிட்டேன்.